பாதையில் நின்றவர்கள்

வெயில் மாமரத்தைத் தாண்டிச் சுவரில் ஏறிவிட்டது. இன்னும் இடுகாட்டுத் தோப்புப் பக்கமிருந்து மண்வெட்டிச் சத்தம் வரவில்லை.

டோரிகா பாயில் உட்கார்ந்தபடி அதற்குத்தான் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வெள்ளைத் துணி போர்த்தி அவள் கணவர் ஃபானுவேல் கிடந்தார். நேற்றுப் பிற்பகல் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மீன் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். சில்வா ஏரியின் கருவாட்டு வாசம் துணியை விட்டு இன்னும் போகவில்லை. அவருக்குப் பிடித்த வாசம்தான். அதனால் அவள் துணியை மாற்றவில்லை.

லிகோம்வேயில் ஒரு சாவு விழுந்தால் வீடு கொள்ளாது. பெண்கள் உள்ளே உடலைச் சுற்றித் தோளோடு தோள் நெருக்கி உட்கார்ந்து பாடுவார்கள். ஆண்கள் வெளியே வெறுந்தரையில் உட்கார்ந்திருப்பார்கள். யாரும் பெரிதாக ஒன்றும் பேச மாட்டார்கள். உட்கார்ந்திருப்பதுதான் வந்ததற்கு அடையாளம். இந்த வீட்டிலோ மனிதநேயச் சங்கத்துப் பெண்கள் நாலைந்து பேரும், ஷேக் சைதியின் மனைவி அசியாத்தும் மட்டுமே இருந்தார்கள். பாட்டு இல்லை. யாரோ தொண்டையைச் செருமினால் அது வாசல்வரை கேட்டது.

டோரிகாவுக்கு அமைதி பிடிக்கும். அவளும் ஃபானுவேலும் பல மாலைகளை ஒரு வார்த்தை பேசாமல் கழித்திருக்கிறார்கள். ஆனால் இது அந்த அமைதி இல்லை. இது ஊர் கதவைச் சாத்திக்கொண்ட அமைதி.

கணவரின் தம்பி கிரெஷம் வாசலில் வந்து குந்தினான். சபை மூப்பன் அவன். அதற்குரிய கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தான், அக்குள் நனைந்திருந்தது.

"அண்ணி, பேரன்மார் இன்னும் போகல."

குழி வெட்டுகிறவர்களை அங்கே பேரன்மார் என்றுதான் சொல்வார்கள். தலை நரைத்தாலும் பேரன்தான். செத்தவரைக் கேலி பேசலாம், ஊர்த் தலைவரைக் கேலி பேசலாம், யாரும் கோபிக்கக் கூடாது. அவர்கள் மண்வெட்டியைத் தொடாமல் அந்த ஊரில் யாரும் மண்ணுக்குள் போனதில்லை.

"தலைவர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'மண்வெட்டி என் பேச்சக் கேக்காதுப்பா, அவனுங்க பேச்சத்தான் கேக்கும்'ன்னுட்டாரு. லாக்சன் என்னடான்னா மரத்தடியில படுத்துப் புல்லக் கடிச்சிக்கிட்டிருக்கான். அவன் எந்திரிக்காம ஒருத்தனும் எந்திரிக்க மாட்டான்." கிரெஷம் குரலைத் தாழ்த்தினான். "ஒரே ஒரு ஜெபம் அண்ணி. போதகரய்யா வந்து நாலு வரி சொல்லிட்டாருன்னா இது சபைச் சாவு ஆயிடும். சபைச் சாவுன்னா அவனுங்க வெட்டித்தான் ஆகணும்."

"உங்க அண்ணன் என்ன கேட்டுக்கிட்டாருன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும். உசிரோட இருக்கறவன் ஆயிரம் சொல்வான். வெயில் ஏறுது. செத்தவன் நாறத்தான்..." அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். கண் நிறைந்துவிட்டது. கோட்டுக் கையால் துடைத்தான்.

டோரிகா அவனைத் திட்டவில்லை. அவன் சொன்னது உண்மை.

ஃபானுவேல் ஒரு காலத்தில் இதே சபையில் வேதபாடம் சொல்லிக்கொடுத்தவர். அதனால் ஊர் டோரிகாவை இன்றும் டீச்சரம்மா என்றுதான் கூப்பிடும். தனியாக வாழ்ந்த ஒரு கிழவியைச் சூனியக்காரி என்று சொல்லி ஊரார் அவள் குடிசையைக் கொளுத்திய நாளில், சபையில் யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறு அவர் பாடப் புத்தகத்தைப் பீடத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தார். கிழவியைத் தன் வீட்டுக்குப் பின்னால் ஒரு கூரை போட்டுக் குடிவைத்தார். அந்தக் கூரையிலிருந்துதான் சங்கம் தொடங்கியது. ஊர் அதற்கு வைத்த பெயர் 'சாமியில்லாத சங்கம்'.

அவர்கள் ஊரைவிட்டு ஒதுங்கவில்லை. ஏரி பொங்கிக் காலரா பரவிய வருடம், சுகாதார அதிகாரி எல்லாச் சபைகளையும் பள்ளிவாசலையும் கூப்பிட்டு ஒரு குழு போட்டபோது, ஃபானுவேலும் போய் உட்கார்ந்தார். கிணறு கிணறாக மருந்து கலந்தார்கள். கூட்டம் ஒவ்வொரு முறையும் பிரார்த்தனையோடு தொடங்கும், ஆளுக்கொரு முறை. போதகர் நன்கும்வாவின் ஜெபத்தில் தேநீர் ஆறிவிடும். ஷேக் சைதியின் துஆ அதைவிடக் கொஞ்சம் சிறியது. ஃபானுவேலின் முறை வரும்போது, "கொஞ்ச நேரம் சும்மா இருப்போம்" என்பார். எல்லோரும் சும்மா இருப்பார்கள். உடனே ஷேக், "ஃபானுவேல் தொழுகை ரொம்பச் சின்னதுப்பா. அடுத்த தடவயாச்சும் கொஞ்சம் நீட்டிப் பண்ணு" என்று தேநீரை எடுப்பார்.

ஃபானுவேல் சங்கத்துக்கு வைத்த விதி ஒன்றுதான். சாவு வீட்டுக்கு முதலில் போக வேண்டும், மாவும் விறகும் தண்ணீரும் கொண்டுபோக வேண்டும், கையால் செய்யக்கூடியதை எல்லாம் செய்ய வேண்டும். ஜெபம் தொடங்கினால் சத்தமில்லாமல் எழுந்து போய்விட வேண்டும். "நம்பாம கண்ண மூடி உக்காந்திருந்தா, நம்பி மூடறவங்களுக்குத்தான் அவமானம்" என்பார். போய்ப் பாதையில் நிற்பார்கள். ஜெபம் முடியும்வரை நிற்பார்கள். பிறகு உடல் தோப்புக்குப் போகும். அவர்கள் கடைசியில் நடப்பார்கள். குழியருகே மறுபடி ஜெபம், மறுபடி பாதை. இதை ஊர் மரியாதை என்று புரிந்துகொண்டிருக்கும் என்றுதான் டோரிகா இத்தனை காலமும் நினைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின மாலை, நாக்கு குழறியபடியே அவர் சொன்னார்: "எனக்கு ஜெபம் வேண்டாம், டோரி. எத்தனையோ வருஷம் நானே வாயசைச்சுப் பொய் சொன்னேன். கடைசியில என் மேல நின்னு வேற யாரும் எனக்காகச் சொல்ல வேண்டாம். சரியா?" அவள் சரி என்றாள்.

போதகரும் ஷேக்கும் ஒன்றாகவே வந்தார்கள். ஷேக் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ஃபானுவேலின் பக்கம் பார்த்து, "என்னப்பா, சொல்லாமக் கொள்ளாமப் போயிட்ட" என்றார்.

போதகர் நின்றுகொண்டே இருந்தார். "நான் லாக்சன்கிட்ட பேசிப் பாத்தேன்மா. 'நீங்க ஜெபம் பண்ணுங்கய்யா, நாங்க வெட்டறோம்'ங்கறான்." கையைப் பிசைந்தார். "நான் வேணா இங்க ஓரமா நின்னு மனசுக்குள்ள ஒண்ணு பண்ணிட்டு, ஆச்சுப்பான்னு அவன்கிட்டச் சொல்லிடறேன். யாருக்கும் நஷ்டமில்ல."

"அதாவது அவன் குழிக்குள்ள மண்ணுக்கு முன்னாடி ஒரு பொய்யப் போடலாம்ங்கற" என்றார் ஷேக்.

"நீ ஒண்ணு சொல்லேன் அப்ப."

"சொல்றேன். எங்க பசங்களக் கூப்பிடறேன். எங்களுக்கு அன்னன்னிக்கே அடக்கம் பண்ணிப் பழக்கம். பேசி முடிக்கறதுக்குள்ள வெட்டிடுவானுங்க."

டோரிகா தலையை ஆட்டினாள். "உங்க மனசு பெரிசு ஷேக்கு. ஆனா வேண்டாம். இவரு இந்த ஊர்க்காரரு. இந்த ஊர்தான் வெட்டணும். இல்லேன்னா செத்ததுக்கப்புறமும் இவரு வெளியாளுதான்."

கூரைத் தகரம் சூட்டில் முறியும் சத்தம் கேட்டது. டோரிகா நெடுநேரம் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். ஜெபம் வைக்கலாமா வேண்டாமா என்று எல்லோரும் இரண்டு பக்கமும் பேசியாயிற்று. லாக்சனுக்கு ஏன் மனம் வரவில்லை என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. லாக்சன் ஞாயிறு காலையில் சபைக்குப் போகிறவன்கூட இல்லை. ஆற்றோரம் செங்கல் அறுத்துக்கொண்டிருப்பான். அவனுக்கு எதற்கு ஜெபம்?

அவள் எழுந்தாள்.

அசியாத் அவள் இடுப்புத் துணியைப் பிடித்து இழுத்தாள். "அடியே, பாய விட்டு எந்திரிக்காதடி! புருசன் தரையில கிடக்கறப்ப பொண்டாட்டி வெளிய போவாளா? ஊரு என்ன சொல்லும்?"

"சொல்ல ஊர்ல யாரு வந்திருக்கா? நான் வர்ற வரைக்கும் நீ இவரு பக்கத்துலயே இரு."

பேரன்மார் தலைவர் வீட்டுக்குப் பின்னாலிருந்த அத்தி மரத்தடியில் கிடந்தார்கள். மண்வெட்டிகள் மரத்தில் சாத்தியிருந்தன. அவள் வருவதை முதலில் பார்த்தவன் ஒரு குட்டையன்.

"ஏலே, பாருங்கடா, பொண்டாட்டி நடந்து வருது! பொணமும் பின்னாலயே நடந்து வருதா? நமக்கு வேலை மிச்சம்டா!"

சிரித்தார்கள். பேரன்மார் அப்படித்தான் பேசுவார்கள். அவள் பக்கத்தில் வந்து நின்றதும் சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. லாக்சன் மட்டும் முதலிலிருந்தே சிரிக்கவில்லை. நெடிய ஆள். கையூன்றி எழுந்து உட்கார்ந்தான். வாயிலிருந்த புல்லைத் துப்பினான்.

"வெயில்ல எதுக்கு டீச்சரம்மா வந்தீங்க? ஆளனுப்பியிருக்கலாம்ல."

"ஆளனுப்பி அனுப்பித்தான் காலையே போயிடுச்சு. நாங்க உனக்கு என்ன பண்ணினோம், லாக்சன்?"

"ஒண்ணும் பண்ணலியே." அவன் தோளைக் குலுக்கினான். "அதான்."

அவள் அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். அவன் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் காத்திருந்தாள். குட்டையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பக்கத்திலிருந்தவன் அவன் விலாவில் இடித்தான்.

"காலராவுல எங்க பொண்ணு செலினா போனப்ப," என்று லாக்சன் கடைசியில் தொடங்கினான். மறுபடி நிறுத்தினான். "உங்க வீட்டுக்காரருதான் அவள சைக்கிள்ல வச்சு ஆஸ்பத்திரிக்கு மிதிச்சாரு. புள்ள வழி பூரா வாந்தி எடுத்துக்கிட்டே போச்சு. அவரு சட்டையெல்லாம். எனக்கு மறக்கல. நான் நன்னி கெட்டவன் இல்ல, டீச்சரம்மா."

"தெரியும்."

"புள்ள தங்கல. மறுநாள் சாவு. உங்க ஆளுங்கதான் முதல்ல வந்தாங்க. மாவு வந்துச்சு, நல்ல மாவு. விறகு வந்துச்சு, காஞ்ச விறகு. வந்தவங்களுக்கெல்லாம் மருந்து கலந்த தண்ணியும் குடுத்தீங்க. அப்புறம் போதகரு 'ஜெபிப்போம்'ன்னாரு." அவன் தரையில் விரலால் ஒரு கோடு இழுத்தான். "தலை குனியறதுக்கு முன்னால நான் ஒரு தடவ நிமிந்து பாத்தேன். யாரெல்லாம் இருக்காங்கன்னு பாக்கணும்போல இருந்துச்சு. அவரு எந்திரிச்சுப் போயிக்கிட்டிருக்காரு. முதுகுதான் தெரிஞ்சுது. அன்னிக்கு வந்த யாரு மூஞ்சியும் எனக்கு இப்ப ஞாபகமில்ல. அந்த முதுகு ஞாபகமிருக்கு. எம்புள்ளய சைக்கிள்ல வச்சு மிதிச்ச மனுசன், அவ பெட்டி பக்கத்துல ஒரு ஜெபத்து நேரம் உக்காரல."

டோரிகாவுக்கு அந்த நாள் வேறு விதமாக ஞாபகம் இருந்தது. கற்றாழை வேலிக்கு அப்பால், பாதையில், அவர் தொப்பியை மார்போடு அழுத்திக்கொண்டு நின்றார். சட்டையைத் துவைத்துப் போட்டிருந்தார், கறை போகவில்லை. அவர் அழுததை அவள் பார்த்தது மொத்தம் சில தடவைகள்தான். அவற்றில் அது ஒன்று.

"நாங்க பாதையில நின்னோம், லாக்சன். ஜெபம் முடியற வரைக்கும் நின்னோம். அவரு அழுதாரு."

"எந்தப் பாதையில?"

"வேலிக்கு அந்தாண்ட."

அவன் அவளை முதல்முறையாக நேராகப் பார்த்தான். அவன் முகத்தில் ஏதோ அசைந்தது. பிறகு அது இறுகிக்கொண்டது. "வேலிக்கு அந்தாண்ட நின்னா எனக்கு எப்படித் தெரியும்? சாவு வீட்டுல பாதையில நிக்கறவன் யாரு? வந்த வேலை முடிஞ்சுதுன்னு கிளம்பறவன். ஊர்ல இன்னும் என்னென்னமோ சொன்னாங்க. சாவு மேல பயமிருக்கறவன்தான் ஜெபத்துக்கு எந்திரிச்சு ஓடுவான், அவன் கையில ஏதோ சூனியம் இருக்குன்னாங்க. அதெல்லாம் நான் நம்பல. ஆனா உக்காரலைங்கறது நான் கண்ணால பாத்தது. எனக்கு மட்டுமில்ல. இங்க கிடக்கறானுங்களே, இவனுங்க ஒவ்வொருத்தன் வீட்டுலயும் உங்க மாவு வந்துச்சு. ஒருத்தன் வீட்டுலயும் நீங்க உக்காரல."

குட்டையன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் தாய் இறந்தபோதும் டோரிகா பாதையில்தான் நின்றாள்.

"ஒண்ணு கேக்கறேன்," என்றான் லாக்சன். "நாளைக்கு நான் செத்துக் கிடக்கறேன். போதகரு 'ஜெபிப்போம்'ங்கறாரு. நீங்க எங்க இருப்பீங்க?"

ஜெபிப்பேன் என்று சொன்னால் இந்த நிமிடமே மண்வெட்டியை எடுப்பான். அது பொய். அவளுக்காகச் சொல்லும் பொய்கூட இல்லை. பொய் சொல்ல மாட்டேன் என்று சபையை விட்டு வந்த மனிதரை அடக்கம் செய்வதற்காகச் சொல்லும் பொய். பாதையில் நிற்பேன் என்பது உண்மை. அந்த உண்மைதான் அவரை இப்போது வெயிலில் காத்திருக்க வைத்திருக்கிறது. அவருடைய விதி இத்தனை வருடமும் அவளுக்குக் குறையில்லாததாகத் தெரிந்தது. அதில் ஜெபிக்கிறவர்களைப் பற்றி யோசித்திருந்தார். நம்பாதவர்களைப் பற்றி யோசித்திருந்தார். பிள்ளையைப் பறிகொடுத்தவன் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பான் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை. அவளும் யோசிக்கவில்லை.

ஒரு கோழி வந்து மண்வெட்டிகளுக்கு நடுவே கிளறிவிட்டுப் போனது. யாரும் அதை விரட்டவில்லை.

"உக்காந்திருப்பேன்," என்றாள். "கண்ண மூட மாட்டேன். ஆமென் சொல்ல மாட்டேன். ஆனா உக்காந்திருப்பேன். நீ நிமிந்து பாத்தா என் மூஞ்சி தெரியும்."

"நான்தான் செத்துட்டேனே. நான் எங்க நிமிந்து பாக்கறது?"

"உம் பொண்டாட்டி பாப்பாள்ல."

லாக்சன் தாடையைச் சொறிந்தான். "கண்ண மூடவே மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"அதுவும் நல்லதுதான். ஒருத்தராச்சும் கண்ணத் தொறந்து வச்சிருந்தாத்தான் மாவு மூட்ட பத்திரமா இருக்கும்." அவன் குட்டையனைக் காலால் எத்தினான். "எந்திரிடா. வெயில் ஏறிப்போச்சு."

"ஜெபம் இல்லாமயாண்ணே?" என்றான் குட்டையன்.

"குழி ஆழம் ஜெபத்தப் பொறுத்தா இருக்கு? மண்வெட்டிய எடுடா."

மண்வெட்டிச் சத்தம் ஊர் முழுக்கக் கேட்கும். அதைக் கேட்டு முதலில் எதிர்வீட்டுக்காரி இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். பிறகு அவள் மகள். பிறகு ஆற்றுப் பக்கத்துப் பெண்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள். வந்த பின் அவர்களும் உட்கார இடம் தேடினார்கள். சாமிப் பாட்டுப் பாடலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒருத்தி சோளம் இடிக்கும்போது பாடும் பாட்டை மெல்ல எடுத்தாள். அது யாருக்கும் விரோதமில்லாத பாட்டு. எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. டோரிகாவின் தோளில் யாரோ தோளை நெருக்கினார்கள். யாரென்று அவள் பார்க்கவில்லை.

தோப்பில் நிழல் அடர்த்தி. இடுகாட்டு மரங்களை யாரும் வெட்டுவதில்லை என்பதால் அவை மட்டும் அந்தப் பக்கத்தில் வானளவு நின்றன. பெட்டி இறங்கியது. பேரன்மார் வியர்வையோடு மண்மேட்டின்மேல் நின்றார்கள்.

போதகர் முன்னால் வந்து வேதப் புத்தகத்தைக் கோட்டுப் பைக்குள் தள்ளினார். கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. "ஃபானுவேல் பாவோ ஆட்டத்துல காய் திருடுவாரு," என்று தொடங்கினார். கூட்டம் திடுக்கிட்டது. "நான் கண்டுபிடிச்சுக் கேட்டா, 'உங்க ஆண்டவர் பாத்துக்கிட்டேதான இருந்தாரு, அவரு ஒண்ணும் சொல்லலியே'ம்பாரு." முதலில் பேரன்மார் சிரித்தார்கள். பிறகு பெண்கள். போதகருக்கும் சிரிப்பு வந்தது. அது பாதியில் உடைந்தது. அவர் பின்னால் போய் ஷேக்கின் பக்கத்தில் நின்றார்.

டோரிகா குழியின் விளிம்புக்கு வந்தாள்.

"இப்ப கொஞ்ச நேரம் சும்மா இருப்போம். யார் மனசுல என்ன இருக்கோ அது இருக்கட்டும். சத்தமா மட்டும் வேண்டாம். அவரு கேட்டுக்கிட்டது."

அமைதி விழுந்தது. இலைகள் ஆடின. ஒரு குழந்தை சிணுங்கி நின்றது.

அந்த அமைதிக்குள் காலடிச் சத்தம் கேட்டது. கிரெஷம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தான். கறுப்புக் கோட்டு முதுகு மரங்களுக்கு நடுவே விலகிப் போவதை எல்லோரும் பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். "கூடப்பொறந்தவன்," என்று யாரோ முணுமுணுத்தார்கள். "குழி மூடறதுக்குள்ள."

டோரிகா பல்லைக் கடித்தாள். இன்றைக்குமா? இதற்குக்கூடவா அவனால் நிற்க முடியவில்லை? சபை மூப்பன் என்ற பட்டம் அண்ணனைவிடப் பெரிதாகிவிட்டதா? கண்ணை எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். அந்த முதுகை விட்டு எடுக்க முடியவில்லை.

கிரெஷம் தோப்பு விளிம்பில் பாதைக்கு வந்ததும் நின்றான். அதற்குமேல் போகவில்லை. திரும்பவும் இல்லை. தொப்பியைக் கழற்றி மார்போடு அழுத்திக்கொண்டான்.

அவள் நிமிர்ந்தாள். எதிரில் லாக்சன் மண்வெட்டியில் தாடையை ஊன்றி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் அந்த முதுகைப் பார்த்திருந்தான். அவன் முகத்தில் கேலி இல்லை.

அவள் குழியை விட்டு நகர்ந்தாள். கூட்டம் வழிவிட்டது. காய்ந்த சருகு காலடியில் நொறுங்கும் சத்தம் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. பாதைக்கு வந்து கிரெஷமின் பக்கத்தில் நின்றாள். அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது. அவளைக் கண்டதும் திருட்டில் அகப்பட்டவன்போல நிறுத்தினான்.

"முடி," என்றாள்.

அவன் கண்ணை மூடினான். குரல் மெலிதாகத்தான் வந்தது. "...அவனுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி, ஆண்டவரே. உங்களுக்கே தெரியும். மனசுல வச்சுக்காதீங்க. நல்லவன். எனக்கு நீச்சல் கத்துக்குடுத்தது அவன்தான். அவ்வளவுதான். ஆமென்."

டோரிகா ஆமென் சொல்லவில்லை. அவள் கண் திறந்தேதான் இருந்தது. ஒரு எறும்பு வரிசை பாதையைக் குறுக்கே கடந்துபோனதையும், கிரெஷமின் கால் விரல்கள் செருப்பை இறுகப் பற்றியிருந்ததையும் அவள் பார்த்தாள். அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"அவன் மேல நின்னு சொல்லல அண்ணி," என்றான் அவன். "அதான் இங்க வந்தேன். அங்க நின்னா வாயில வந்துடும்போல இருந்துச்சு. அவன் கேட்டுக்கிட்டத நான் மீறலியே?"

"மீறல."

"எல்லாரும் என்ன நினைச்சிருப்பாங்க?"

"என்ன நினைப்பாங்கன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது." அவள் அவன் கோட்டுக் கையைப் பிடித்தாள். "வா. இவ்வளவு நேரம் உன் முதுகத்தான் பாத்தாங்க. வந்து மூஞ்சியக் காட்டு."

திரும்பிப் போனபோது யாரும் அசைந்திருக்கவில்லை. லாக்சன் மண்மேட்டின் குறுக்கே மண்வெட்டியைக் கிடத்தி, அதன்மேல் காலை வைத்துக்கொண்டு நின்றான். அவன் கால் எடுக்காமல் ஒரு பிடி மண் குழிக்குள் போகாது. அவ்வளவு நேரமும் அந்தக் கூட்டம் ஒரு சொல் இல்லாமல் நின்றிருந்தது. ஷேக் குழியை எட்டிப் பார்த்து, "இன்னிக்கு உன் தொழுகை நல்ல நீளம்தான்ப்பா" என்றார்.

"பாதையில நின்னவங்க எல்லாம் வந்தாச்சா?" என்று லாக்சன் உரக்கக் கேட்டான். "இன்னும் யாராச்சும் வேலிக்கு அந்தாண்ட இருக்காங்களா? இருந்தா இப்பவே வந்துடுங்க. அப்புறம் எனக்குத் தெரியாது, கண்ணுக்குத் தெரியலன்னு மூடிடுவேன்."

யாரும் இல்லை. அவன் காலை எடுத்தான். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி முதலில் கிரெஷமின் கையில் வைத்தான். அடுத்ததை டோரிகாவிடம் நீட்டினான்.

அவள் மண்ணைப் போட்டாள். பிறகு கூட்டத்துக்குள் திரும்பிப் போகாமல், குழியின் விளிம்பிலேயே, எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி, வெறுந்தரையில் உட்கார்ந்தாள். மண்வெட்டிகள் எழுந்தன.